நிலோஃபர் என்றால் குவளை

எங்கள் தெருவில் போன மாதம் ஒரு குழந்தைக்கு நிலோஃபர் என்று பெயர் வைத்தார்கள். "வாயில் நுழையாத வெளிநாட்டுப் பேரு எதுக்கும்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டுவிட்டார். அந்தப் பெண், "பாரசீகப் பேருங்க, தாமரைன்னு அர்த்தம்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

பாரசீகப் பெயர்தான், சரி. ஆனால் சொல் கிளம்பியது இந்தப் பக்கத்திலிருந்து. வடமொழியில் நீலமும் உத்பலமும் (குவளை) சேர்ந்த 'நீலோத்பலம்' பாரசீகத்துக்குப் போய் முதலில் 'நீலோபல்' ஆனது. பிறகு பகரம் ஃபகரமாகி, கடைசி லகரம் ரகரமாகி, நீலூஃபர். நாம் அதையே நீலோற்பலம் என்கிறோம். திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் நீலோற்பலாம்பாள் என்று ஒரு அம்மன் இருக்கிறாள். தமிழில் அவள் அல்லியங்கோதை.

அப்புறம், நீலோற்பலம் தாமரை இல்லை, கருங்குவளை. தாமரையில் நீலமே கிடையாது. குளத்தங்கரையில் நின்று பாருங்கள். தாமரை இலை தண்ணீருக்கு மேலே குடை மாதிரி எழுந்து நிற்கும். குவளை இலை தண்ணீரோடு ஒட்டிப் படுத்திருக்கும், காம்பு சேரும் இடத்தில் ஒரு பிளவு இருக்கும். ஈரானில் நீலூஃபர் என்பதைத் தாமரைக்கும் சொல்கிறார்கள், நீலப் பூ பூக்கும் ஒரு கொடிக்கும் சொல்கிறார்கள். குழப்பம் அங்கிருந்து வந்தது.

அங்கே அந்தப் பூவுக்கு இருந்த மரியாதை கொஞ்சமல்ல. 'புந்தஹிஷ்ன்' என்ற பழைய சரதுஷ்டிர (பார்சி மத) நூல் ஒவ்வொரு பூவையும் ஒரு தெய்வத்துக்கு உரியதாகச் சொல்லும்போது, நீலோபலைத் தண்ணீருக்கான ஆபானுக்குக் கொடுக்கிறது. ஈரானில் கெர்மான்ஷா பக்கம் தாக்கே போஸ்தானில் 4ஆம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பம் ஒன்று உண்டு. இரண்டாம் அர்தஷீர் மன்னருக்குப் பின்னால், தலையைச் சுற்றிக் கதிர் வீசும் மித்ர தேவன் நிற்கிறார். காலடியில் அகலமாக விரிந்த தாமரை. முதன்முதலில் படத்தைப் பார்த்தபோது நம் கோயில் பத்மபீடம்தான் கண்ணில் வந்தது.

துருக்கியிலும் இந்தப் பெயர் உண்டு. 1931இல் நிஜாமின் இரண்டாவது மகனை மணந்து ஐதராபாத் வந்த உதுமானிய இளவரசி ஒரு நிலோஃபர். அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நிலோஃபர் மருத்துவமனை அவர் பெயரில்தான் இன்றும் இருக்கிறது.

நேற்று அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். இனி யாராவது கேட்டால் தயங்காதேம்மா, குவளைன்னு சொல்லு.