பேட் கேட்டால் புது யோயோ எடு என்கிறார்கள்

இதை எங்கேயாவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இத்தனை பேரங்காடி இருக்கிற கோலாலம்பூரில் யோயோவுக்கு ஒரு ஜோடி பேட், அதாவது உள்ளே நூலைப் பிடிக்கிற சின்ன வளையம், வாங்க முடியவில்லை. யோயோ கேட்டால் பெட்டி பெட்டியாக எடுத்து வைக்கிறார்கள். அதற்கு உதிரி கேட்டால் மட்டும் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

என்னிடம் இருப்பது டங்கன் ஃப்ரீஹேண்ட் ஸீரோ. பிளாஸ்டிக்தான், ஆனால் கழற்றி மாட்டுவதற்கென்றே பிறந்த சாமான். பக்கத்து மூடியைப் பெயர்த்து வேறு நிறம் போடலாம். இரண்டு பாதியையும் திருகிப் பிரித்து, சிவப்போடு கறுப்பைச் சேர்க்கலாம். மூடிக்கு உள்ளே எடை கூட்டலாம். பேட் உட்காருகிற பள்ளத்தில் சிலிக்கான் ஊற்றலாம். நூலை விரலில் கட்டாமல் நுனியில் ஒரு பகடைக்காயைக் கோத்து ஆடும் முறையை உருவாக்கியவர் ஸ்டீவ் பிரவுன்; போட்டிகளில் அது 5ஏ பிரிவு. அந்த ஆட்டத்தின் பெயரைத்தான் இந்த யோயோ தாங்கியிருக்கிறது. கையை விட்டுப் பறக்கிற ஆட்டம், சிமெண்டுத் தரையில் விழாமல் இருக்காது. அலுமினியம் விழுந்தால் விளிம்பில் பிசிறு கிளம்பி விரலைக் கிழிக்கும். பிளாஸ்டிக்கில் அந்தத் தொல்லை குறைவு.

அண்ணன் மகனிடம் இருப்பது ரீப்ளே ப்ரோ. 2014இல் ப்ராக் நகரில் உலகப் பட்டம் வென்ற ஜென்ட்ரி ஸ்டைன் பெயரில் வருகிற பிளாஸ்டிக் மாடல். அவனுடைய பேட் தேய்ந்ததில்தான் இவ்வளவும் ஆரம்பித்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போட்டி யோயோ பெரும்பாலும் கையைச் சுண்டினால் தானாக மேலே ஏறாது. நூலை மடித்து இடுக்கில் கொடுக்க வேண்டும், அதற்கு பைண்ட் என்று பெயர். அந்த மடிப்பைப் பிடித்து இழுப்பது உள்ளே இரு பக்கமும் ஒட்டியிருக்கும் சிலிக்கான் வளையம். அதுதான் பேட். வெளிவிட்டம் 19 மில்லிமீட்டர், கனம் நகத்தளவு. நூல் உரசி உரசி அது வழவழத்துப்போகும், ஓரம் மடங்கி எழும்பும், அடியில் பசையோடு நூல் தூசு சேர்ந்து கறுப்பாக அப்பிக்கொள்ளும். அப்புறம் பைண்ட் போட்டால் பிடிக்காது, வழுக்கும். பையன் மணிக்கணக்கில் பழகிய ஆட்டத்தின் கடைசி நொடியில் யோயோ கீழேயே நின்று சுற்றிக்கொண்டிருக்கும். அவன் கையில் ஒரு குறையும் கிடையாது. குறை அந்த ரப்பர் துண்டில்.

மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கேட்டேன்.

“அண்ணே, இதுக்கு பேட் மட்டும் இருக்கா?”

“அதெல்லாம் தனியா வராது தம்பி. புதுசு எடுத்துக்குங்க, 70 வெள்ளிதான்.”

சைக்கிள் டியூப் பஞ்சர் என்று போனால் சைக்கிளையே மாற்று என்கிற மாதிரி இல்லையா இது? சரி, பையன் முகத்தைப் பார்த்துப் புதிதாகவே ஒன்று எடுத்தேன். வீட்டில் வந்து சுற்றினால் நடுவில் சுழல்கிற பேரிங் கரகரவென்று மண் அரைக்கிற சத்தம். திருகிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். “பிரிச்சிட்டீங்களா? பிரிச்சா மாத்தித் தர மாட்டோம்.” அட, நூல் சிக்கினாலே அதைப் பிரித்துத்தானே எடுக்க வேண்டும்! பிரிக்கக் கூடாத யோயோவை எந்த ஆட்டக்காரன் வாங்குவான்? தான் விற்கிற பொருள் என்னவென்று தெரியாமல் ஒருவர் எப்படி விற்க முடிகிறது?

பேரிங் ஒன்றும் அபூர்வமான சாமான் இல்லை. சி அளவு என்பார்கள், உள்விட்டம் 6.35, வெளிவிட்டம் 12.7, அகலம் 4.76 மில்லிமீட்டர். தொழிற்சாலை எண் ஆர்188. 2017இல் விரலில் சுழற்றுகிற ஃபிட்ஜெட் ஸ்பின்னர் மோகம் அடித்தபோது பாசார் மாலாம் இரவுச் சந்தைகளில் மலை மலையாகக் குவித்தார்களே, அவற்றில் நல்ல ரகங்களில் இருந்தது இதே பேரிங்தான். அன்றைக்கு விற்றுக் காசு பார்த்தவர்களுக்கு இன்றைக்கு ஒரு டப்பா வாங்கி மேசையில் வைக்க மனம் வரவில்லை.

இணையத்தில் வாங்கு என்று அறிவுரை சொல்லாதீர்கள். வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். பேட் விலை சில வெள்ளி, வெளிநாட்டிலிருந்து வர அனுப்பும் செலவு அதைப்போல் பல மடங்கு. 2024 ஜனவரி 1 முதல் இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. கொடுத்துத் தொலைத்தோம். வாரக்கணக்கில் காத்திருந்து உறையைப் பிரித்தால் வேறு அளவு பேட்! விற்றவனிடம் கேட்டால் “சேம் சேம், போடலாம்” என்கிறான். போட முடியாது. பள்ளத்தில் உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது, நூல் அதில் மாட்டிக்கொண்டு யோயோ சுள்ளென்று விரல் மூட்டில் வந்து அடிக்கிறது.

கடைசியில் செந்தூலில் கார் உதிரிபாகக் கடைக்குப் போய், எஞ்சினுக்குப் போடுகிற சிவப்பு கேஸ்கெட் சிலிக்கான் ஒரு டியூப் வாங்கிவந்தேன். பழைய பேட்டைச் சுரண்டி, பள்ளத்தில் பிதுக்கி, அட்டைத் துண்டால் மட்டமாக வழித்து, ஒரு நாள் காய விட்டேன். வீடு முழுக்கப் புளிக்காடி நாற்றம். இப்போது நன்றாகப் பிடிக்கிறது, நல்ல வேலைதான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லாதவன், இதையெல்லாம் எப்படிச் செய்வான்? யோயோவைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொள்வான். அப்படி விட்டுப்போன பிள்ளைகளை எனக்குத் தெரியும், அதுதான் வயிறு எரிகிறது.

“சின்னப் பிள்ளைங்க விளையாடுறதுக்கு எதுக்கு இவ்வளவு?” என்று அந்த மஸ்ஜித் இந்தியா கடைக்காரர் கேட்டார். 2018இல் ஷாங்காயிலும் 2023இல் ஒசாகாவிலும் யோயோ உலகப் போட்டி நடந்திருக்கிறது. இறுதிச் சுற்றில் 1ஏ, அதாவது விரலில் நூல் கட்டி ஒரே யோயோவில் ஆடும் பிரிவு, ஆட்டக்காரருக்கு மேடையில் 3 நிமிடம், அந்த மூன்று நிமிடத்துக்காக வருடக்கணக்கில் உழைக்கிறார்கள். நம் பிள்ளைகளும் அப்படித்தான் அடுக்குமாடி நடைபாதையில் ராத்திரி வரை நின்று பழகுகிறார்கள்.

கடைக்காரர்களே, நான் கேட்பது பெரிய முதலீடு கிடையாது. 19 மில்லிமீட்டர் பேட், சி பேரிங், பாலியெஸ்டர் நூல் ஒரு கட்டு. மூன்றும் ஒரு பிஸ்கட் டின்னில் அடங்கிவிடும். கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். நான் வந்து வாங்குகிறேன், பத்துப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.