பெத்தான் பிரெஞ்சு யூதர்களைக் காப்பாற்றினாரா?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் தோற்ற பிரான்சின் அரசுத் தலைவராக இருந்தவர் பெத்தான். “மார்ஷல் பெத்தான் வெளிநாட்டு யூதர்களை மட்டும் ஜெர்மானியரிடம் கொடுத்தார், பிரெஞ்சுக் குடிமக்களான யூதர்களைக் காப்பாற்றினார்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது பொய்.

யூதர்களை அரசுப் பணிகளிலிருந்தும் வேறு பல தொழில்களிலிருந்தும் விலக்கிய, 1940 அக்டோபர் 3 தேதியிட்ட யூதர் சட்டத்தை விஷி அரசு (விஷி நகரிலிருந்து இயங்கிய பெத்தானின் அரசு) தானாகவே முன்வந்து இயற்றியது. அதன் தட்டச்சு வரைவு 2010இல் வெளியானது. தலைமுறைகளாகப் பிரான்சில் வாழ்ந்த, 1860க்கு முன்பே குடியுரிமை பெற்ற யூதர்களின் வாரிசுகளுக்கு அதில் விலக்கு இருந்தது. அந்த வரி அடித்து நீக்கப்பட்டிருக்கிறது, பெத்தானின் கையால். காப்பாற்ற நினைத்தவர் முதலில் விட்டுவைத்திருக்க வேண்டிய வரி அதுதான்!

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிசில் சுமார் 13,000 பேரை வீடு வீடாகப் போய்ப் பிடித்ததும் பிரெஞ்சுப் போலீஸ்தான். அவர்களில் 4,000க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெரும்பாலான குழந்தைகள் பிரான்சிலேயே பிறந்தவர்கள். குடும்பங்களைச் சைக்கிள் பந்தய அரங்கில் நாள்கணக்கில் அடைத்துவைத்தார்கள்.

பிரான்சிலிருந்த யூதர்களில் முக்கால்வாசிப் பேர் உயிர் தப்பியது உண்மைதான். ஆனால் பலரை ஒளித்துவைத்தது அக்கம்பக்கத்தாரும் கிராமத்து விவசாயிகளும் பாதிரியார்களும். அந்தப் பெருமையைத் தூக்கி பெத்தானுக்குக் கொடுப்பது அநியாயம். நாஜி முகாம்களுக்கு நாடு கடத்தப்பட்ட சுமார் 76,000 யூதர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பிரெஞ்சுக் குடிமக்கள்.

இதில் பிரெஞ்சு அரசின் பொறுப்பை முதன்முதலாக வெளிப்படையாக ஒப்புக்கொண்ட குடியரசுத் தலைவர் ஷாக் சிராக், 1995இல். அதற்கே அரை நூற்றாண்டு ஆனது.