சுகர் பார்க்கும் டாக்டர் மாதவிடாய் பற்றியும் கேட்க வேண்டும்

என் சொந்தக்காரப் பெண்களில் பலருக்குச் சுகரும் கொலஸ்ட்ராலும் வந்தது மாதவிடாய் நின்ற காலத்தை ஒட்டித்தான். மதினிக்கு அப்படி, பெரிய அத்தைக்கு அப்படி, எதிர்வீட்டு அக்காவுக்கும் அப்படி. ஆனால் இரண்டையும் சேர்த்து யாரும் விசாரிக்கவில்லை. சுகருக்கு ஒரு டாக்டர், மூட்டு வலிக்கு வேறொருவர், தூக்கம் வரவில்லை என்றதும் இன்னொரு மாத்திரை. ராத்திரியில் குப்பென்று வேர்த்து எழுந்து உட்கார்ந்துகொள்வதை மதினி எந்த டாக்டரிடமும் சொன்னதே இல்லை. "பொம்பளைக்கு இதெல்லாம் உள்ளதுதானே" என்பார்.

எனக்கு இதில் தீராத ஆற்றாமை. பிள்ளை வயதுக்கு வந்தால் உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாகக் கொடுத்து உடம்பைத் தேற்றுகிறோம். தாய்மாமன் சீர் கொண்டுவர, ஊரைக் கூட்டிச் சடங்கு வைக்கிறோம். அதே உடம்பு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயதில் மறுபடி புரண்டு மாறும்போது வீட்டுக்குள்கூடப் பேச்சில்லை.

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் பிள்ளை பெறுவதற்கு மட்டும் உள்ள சுரப்பு இல்லை. ஈரலும் தசையும் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்பட அது உதவுகிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் அது வற்றியதும் தொடையில் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்கும், கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும், எலும்பு தேயும். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் சொளவை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பீடி சுற்றும் பெண்களை நினைத்துப் பாருங்கள். எழுந்து நடக்க நேரமில்லாத வேலை, தட்டு நிறையச் சோறு, அதன்மேல் இந்த மாற்றமும் வந்து விழுகிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சுகர் என்று 2023-ல் மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அதில் உள்ள பெண்களிடம் மாதவிடாய் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே இருக்கிறது.

சரி, வற்றிய ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும்? "அது கேன்சரில் கொண்டுபோய் விடும்." இந்தப் பயம் பெரும்பாலும், அமெரிக்காவில் நடந்த டபிள்யூ.எச்.ஐ. என்ற பெரிய ஆய்வின் ஒரு பிரிவை 2002-ல் பாதியில் நிறுத்தியதிலிருந்து வந்தது. 16,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தார்கள், சராசரி வயது 63. பலருக்கு மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு செயற்கை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய் ஆண்டுக்கு 10,000 பேரில் 8 பேருக்குக் கூடுதலாக வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் ரத்தக்கட்டும்கூட அதிகரித்தன. இதை யாரும் மறைக்கக் கூடாது. ஆனால் அதே ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களில் 3.5 சதவீதம் பேருக்குப் புதிதாகச் சுகர் வந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4.2 சதவீதம் பேருக்கு. கர்ப்பப்பை இல்லாத பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்துப் பார்த்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் அதிகரிக்கவில்லை. இதெல்லாம் தாமிரபரணிக் கரை வரை வந்து சேரவில்லை, பயம் மட்டும் வந்து சேர்ந்தது.

சுகர் வராமல் தடுப்பதற்கென்று மட்டும் ஹார்மோன் எடுக்கச் சொல்லி இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. வியர்வையும் தூக்கமின்மையும் படுத்தியெடுக்கிற பெண், 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று 10 வருஷத்துக்குள் இருந்தால், பெரும்பாலும் ஹார்மோன் சிகிச்சையில் ஆபத்தைவிட நன்மையே அதிகம் என்கின்றன அதே வழிகாட்டுதல்கள். தோலில் தடவும் ஜெல், மாத்திரையைப் போல ஈரல் வழியாக முதலில் போவதில்லை, அதனால் ரத்தக்கட்டு பயம் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் கட்டியவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் டாக்டரிடம் இவற்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு இது பொதுவாக ஆகாது.

ஆம்பளைகள் பக்கம் நடப்பது வேறு. அங்கே கேட்காமலே விற்கிறார்கள். ஜிம்முக்குப் போகும் பையன்கள் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பற்றி புரோட்டீன் பவுடர் மாதிரிப் பேசிக்கொள்கிறார்கள். தம்பிகளா, வெளியிலிருந்து அது ஏறினால் விதைக்கு மூளை அனுப்பும் கட்டளை நின்றுபோகும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். நாளைக்குக் கல்யாணமாகிக் குழந்தைக்கு ஏங்கும்போது பழி அந்த வீட்டு மருமகள் தலையில் விழும், அதுதான் எனக்குக் கொதிப்பு. தொப்பை வைத்த அண்ணாச்சிமாருக்கும் ஒன்று: அந்தக் கொழுப்பே டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும், எடை இறங்கினால் அது தானாகவே கொஞ்சம் ஏறும். ஆஸ்திரேலியாவில் 1,007 ஆண்களை வைத்து நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சியோடு ஊசியும் போட்டவர்களில் 12 சதவீதம் பேர் இரண்டு வருஷ முடிவில் சுகர் அளவில் இருந்தார்கள், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 21 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு மேல் ரத்தத்தில் சிவப்பணு அளவு மீறியது. இரண்டு வெவ்வேறு நாள் காலையில் வெறும் வயிற்றில் ரத்தத்தின் டெஸ்டோஸ்டிரோன் அளவைச் சோதிக்காமல் ஊசி எழுதுகிறவரிடம் போகாதீர்கள்.

எல்லாரையும்விட நான் கவலைப்படுவது முப்பத்தெட்டு, நாற்பது வயதில் "கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்று சொல்லும் பெண்களை நினைத்து. கூடவே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியாகச் சரிந்துவிடும். இந்த வயதில் அப்படி ஆனவர்களுக்கு, தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதே முறை. இதயமும் எலும்பும் அதை நம்பி இருக்கின்றன. என் மதினிக்கு 41 வயதில் ஆபரேஷன் ஆனது, சினைப்பையை எடுத்தார்களா என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. உங்கள் வீட்டில் அப்படி யாரும் இருந்தால் பீரோவைத் துழாவி டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள். அதில் எழுதியிருக்கும். அடுத்த தடவை சுகர் பார்க்கப் போகும்போது, ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியானாலும் சரி, தெருமுனை கிளினிக்கானாலும் சரி, அந்தத் தாளை டாக்டர் மேசையில் வைத்து, எடுத்திருந்தால் ஏன் ஈஸ்ட்ரோஜன் தரவில்லை என்று கேளுங்கள்.