எல்லா டெக்கிலும் வேண்டிய கார்டை ஏன் அரிதாக அச்சடிக்கிறார்கள்?

போன வாரம் மேஜிக் த கேதரிங்கில் ஒரு கமாண்டர் ஆட்டம். (ஆளாளுக்குக் கார்டு வாங்கி, தானே ஒரு கட்டு, அதாவது டெக், சேர்த்து ஆடும் கார்டு ஆட்டம் மேஜிக். கமாண்டர் அதில் ஒரு வகை.) எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பையன் ஒரு கார்டைக் கீழே வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கினான். ஸ்லீவுக்குள், அதாவது பிளாஸ்டிக் உறைக்குள், இருந்தது ஒரு சாதாரண லேண்ட் கார்டு, அதன் மேல் அளவாக வெட்டிச் செருகிய கோடு போட்ட நோட்டுத் தாள். நீல மையில் "ரிஸ்டிக் ஸ்டடி" என்று எழுதி, அந்தக் கார்டு என்ன செய்யும் என்பதையும் பொடி எழுத்தில் ஒரு வரி விடாமல் எழுதியிருந்தான். "அண்ணா, இதை வைத்து ஆடலாமா? ஒரிஜினல் வாங்க முடியவில்லை" என்றான். தாராளமாக ஆடு என்றேன், மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள், ஆட்டம் நடந்தது. ஆனால் ஏதோ தப்பு செய்துவிட்டவன் மாதிரி அவன் கேட்டது மனதை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் அந்தக் கார்டையே எடுத்துக்கொள்வோம். 2000-ல் மேஜிக் த கேதரிங்கில் ப்ராஃபசி என்று ஒரு செட், அதாவது புதுக் கார்டுத் தொகுப்பு, வந்தது. அதில் ரிஸ்டிக் ஸ்டடி வெறும் காமன், அதாவது சுலபமாகக் கிடைக்கும் அடுக்கு. எதிராளி ஒரு ஸ்பெல் (லேண்ட் அல்லாத கார்டு) போடும்போதெல்லாம் கூடுதலாக ஒரு மானா (கார்டு போடச் செலவழிக்கும் சக்தி, லேண்ட் கார்டுகள் தருவது) கட்ட வேண்டும், கட்டாவிட்டால் நீங்கள் ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது அதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடும் கமாண்டர் பரவியதும் நிலைமை தலைகீழானது, ஏனென்றால் இப்போது எதிராளிகள் மூன்று பேர், யாராவது ஒருவர் அந்த ஒரு மானாவைக் கட்ட மறப்பார் அல்லது கட்ட மனம் வராது, உங்கள் கை நிறைந்துகொண்டே இருக்கும். நீல நிறக் கார்டுகள் இருக்கிற டெக் என்றால் அது வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. 2020-ல் ஜம்ப்ஸ்டார்ட்டில் அதை மறுபடி அச்சடித்தார்கள், ஆனால் காமனாக இல்லை, ரேராக. தேவை கூடிய பிறகு, உள்ளே என்ன கார்டு என்று தெரியாமல் வாங்கும் பாக்கெட்டில் அது கிடைக்கும் வாய்ப்பைக் குறைத்து அச்சடித்தார்கள்.

"எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் விலை ஏறுகிறது, இதில் என்ன அநியாயம்?" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களிடம் நான் சோல் ரிங்கைத்தான் காட்டுவேன். கமாண்டரில் அதைவிடப் பரவலாக ஆடப்படும் கார்டு வேறு ஒன்றைச் சொல்வது கஷ்டம். ஒரு மானா கொடுத்து வைத்தால் ஒவ்வொரு டர்னும் இரண்டு மானா தரும், எந்த நிற டெக்கிலும் போகும். 1993-ல் முதல் செட்டிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் யாரும் சோல் ரிங் வாங்கக் காசு சேர்ப்பதில்லை. காரணம், 2011-லிருந்து வருகிற ரெடிமேட் கமாண்டர் டெக்குகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அதைப் போட்டுவிடுகிறார்கள். என்னிடமே இருபதுக்கு மேல் கிடக்கிறது. ஒரு கார்டை எல்லோரும் தேடுவது மட்டும் விலையை ஏற்றாது, தேடுபவர்களின் எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி அச்சடிக்காமல் விட்டால்தான் ஏறும். எவ்வளவு அச்சடிப்பது என்பதை முடிவு செய்வது கம்பெனி. சந்தையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இதை மறந்துவிடுகிறோம்.

கணக்கு கொஞ்சம் பார்க்கலாம், இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். மேஜிக் கார்டுகளை ஒரு ஷீட்டுக்கு 121 என்ற கணக்கில், பதினொன்றுக்குப் பதினொன்றாக அச்சடிப்பது வழக்கம். 2008-ல் ஷார்ட்ஸ் ஆஃப் அலாரா செட்டோடு மித்திக் ரேர் என்ற, ரேரையும் விட அரிதான புது அடுக்கு வந்தது. அந்தச் செட்டில் 53 ரேர், 15 மித்திக். ரேர் ஒவ்வொன்றும் ஷீட்டில் இரண்டு இடம், மித்திக் ஒவ்வொன்றும் ஒரே இடம், கூட்டினால் சரியாக 121. அந்தச் செட்டின் ஒரு பாக்கெட்டில் இந்த ஷீட்டிலிருந்து ஒரே ஒரு கார்டுதான் வரும். அப்படியானால் குறிப்பிட்ட ஒரு மித்திக் வேண்டுமென்றால் சராசரியாக 121 பாக்கெட் உடைக்க வேண்டும், அதாவது அன்றைய 36 பாக்கெட் கொண்ட பெட்டி மூன்றுக்கு மேல். டெக்கில் நான்கு காப்பி வேண்டும் என்றால் 484 பாக்கெட். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் நான் பாக்கெட் உடைத்து டெக் கட்டுவதை விட்டேன். சிங்கிள்ஸ், அதாவது வேண்டிய கார்டைத் தனியாக, வாங்குங்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் சொல்வது இதனால்தான்.

இன்னொரு விஷயம். ஒரு செட் அச்சில் இருக்கும் வரை, அதிலுள்ள கார்டுகளின் மொத்த மதிப்பு பெட்டி விலையைத் தாண்டி ரொம்ப தூரம் போக முடியாது. போனால், கடைக்காரர்கள் பெட்டிகளை உடைத்து சிங்கிள்ஸாக விற்க ஆரம்பிப்பார்கள், விலை கீழே இறங்கிவிடும். ஆனால் அந்த மொத்த மதிப்பு எல்லாக் கார்டுக்கும் சமமாகப் பிரியாது. ஒரே ஒரு ஸ்டேபிள், அதாவது எல்லோருடைய டெக்குக்கும் வேண்டிய கார்டு, மித்திக்காக வந்துவிட்டால் பெட்டியின் மதிப்பில் பெரும்பகுதியை அதுவே இழுத்துக்கொள்ளும், மற்றவை காசு பெறாமல் கிடக்கும். 2010-ல் வேர்ல்ட்வேக் செட்டில் ஜேஸ் த மைண்ட் ஸ்கல்ப்டர் வந்தபோது நடந்தது இதுதான். அடுத்த ஆண்டு ஜூனில் அதை ஸ்டாண்டர்டிலிருந்து (அண்மைச் செட்டுகளை மட்டும் வைத்து ஆடும் முறை) தடையே செய்ய வேண்டியதாயிற்று. அப்புறம் அச்சு நின்றதும் அந்தக் கடிவாளமும் போய்விடும், புதிதாக ஒரு ஆட்டக்காரர் வரும்போதெல்லாம் இருக்கிற காப்பிகளுக்குள்ளேயேதான் பிடுங்கல்.

ரீபிரிண்ட், அதாவது மறு அச்சு, போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. டார்மோகாய்ஃப் 2007-ல் ஃப்யூச்சர் சைட் செட்டில் ரேராக வந்தது, இரண்டு மானாவுக்கு அவ்வளவு பெரிய மிருகம் அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. 2013-ல் மாடர்ன் மாஸ்டர்ஸில் ரீபிரிண்ட் வருகிறது என்றதும் விலை விழும் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஆனால் மித்திக்காக, அதுவும் குறைந்த அளவில் அச்சடித்த செட்டில் போட்டார்கள். ஒரு காப்பி கிடைத்தவர்கள் மீதி மூன்றைத் தேடிக் கிளம்பினார்கள், ஆட்டத்துக்குப் புதிதாகவும் பலர் வந்தார்கள், விலை இறங்குவதற்குப் பதில் ஏறியது. அடுத்த வருடமே இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. 2002-ல் ஆன்ஸ்லாட்டில் வந்த, டெக்கிலிருந்து வேறு லேண்டைத் தேடித் தரும் ஐந்து ஃபெட்ச் லேண்டுகளை 2014-ல் கான்ஸ் ஆஃப் டார்கிர் என்ற வழக்கமான பெரிய செட்டில் ரேராகப் போட்டார்கள். அது மாதக்கணக்கில் அச்சடித்த செட், எல்லோரும் உடைத்த செட். அவற்றில் ஒன்றான பொலூட்டட் டெல்டாவைக் கண்ணால் பார்த்தாலே போதும் என்றிருந்த நான் நான்கு காப்பி வாங்கினேன். முதல் தடவை அதை உடைத்து லேண்ட் தேடி டெக்கைக் கலைத்தபோது கை கொஞ்சம் நடுங்கியது, இன்னும் ஞாபகம் இருக்கிறது. கார்டு அதேதான், வேலையும் அதேதான், அச்சடித்த அளவு மட்டும்தான் வேறு.

(டார்மோகாய்ஃபின் மவுசு பிறகு குறைந்ததில் 2017-ல் வந்த ஃபேட்டல் புஷ்ஷுக்கும் பங்கு உண்டு. ஒரு கறுப்பு மானா போதும், ஆள் காலி. அந்தக் கார்டு காமனுக்கும் ரேருக்கும் நடுவிலான வெறும் அன்காமன் என்பது எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோஷம்.)

சேகரிப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். 1995-ல் க்ரானிக்கிள்ஸ் என்று பழைய கார்டுகளை அள்ளி அச்சடித்தபோது, காசு போட்டு வாங்கி வைத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். அதன் விளைவுதான் 1996-ல் வந்த ரிசர்வ்டு லிஸ்ட், இந்தக் கார்டுகளை இனி அச்சடிக்க மாட்டோம் என்ற வாக்குறுதி. அன்றைக்கு அது தேவைப்பட்டிருக்கலாம், நம்பிக்கை இல்லாமல் எந்தக் கடைக்காரரும் சரக்கு வாங்கி வைக்க மாட்டார். ஆனால் அந்தப் பட்டியலில் பழைய பத்து டூயல் லேண்டுகளும் மாட்டிக்கொண்டன. ஆட்டத்தில் பயன்படுத்தக்கூடிய விதத்தில் அவற்றைக் கடைசியாக அச்சடித்தது 1994-ல், ரிவைஸ்டு எடிஷனில். ஒரு நண்பர் அவற்றில் ஒன்றான தன்னுடைய அண்டர்கிரவுண்ட் சீயை ஒருமுறை என் கையில் கொடுத்தார். வெளுத்துப்போன வெள்ளை பார்டர், ஓரமெல்லாம் தேய்ந்து நார் தெரிகிறது, மூலையில் ஒரு மடிப்பு. படத்தில் சிறப்பாக ஒன்றும் இல்லை. அது செய்கிற வேலை நீல மானாவோ கறுப்பு மானாவோ தருவது, அவ்வளவுதான். லேண்ட் என்பது ஆட்டத்தின் அடித்தளம் ஐயா, அதைப் போய்ப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டலாமா? 2011-ல் மாடர்ன் ஃபார்மட்டைத் தொடங்கியபோது, 2003-ன் எய்ட்த் எடிஷனிலிருந்துதான் ஆரம்பித்தார்கள், அதனால் ரிசர்வ்டு லிஸ்ட்டில் உள்ள ஒரு கார்டும் உள்ளே வரவில்லை. தாங்களே கொடுத்த வாக்குறுதியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு புது ஆட்ட முறையே வேண்டியிருந்தது.

இன்னொரு கார்டு ஆட்டமான யூகியோவிலும் இதே பாடுதான். ஆஷ் ப்ளாஸம் 2017-ல் மேக்ஸிமம் க்ரைசிஸில் வந்தபோது இங்கிலீஷ் பதிப்பில் சீக்ரெட் ரேர், அதாவது மிக அரிய அடுக்கு. எதிராளியின் டர்னிலேயே கையிலிருந்து வீசி அவர் ஆட்டத்தை நிறுத்தும் கார்டு, மூன்று காப்பி இல்லாமல் டோர்னமெண்டுக்குப் போவது வீண் என்ற நிலை. 2019-ல் சோல்பர்னர் ஸ்ட்ரக்சர் டெக்கில் அதைப் போட்ட பிறகுதான் சாதாரண ஆட்டக்காரர்கள் மூச்சு விட்டார்கள். ஸ்ட்ரக்சர் டெக்கில் உள்ளே என்ன இருக்கிறது என்று முன்னாலேயே தெரியும், மூன்று டெக் வாங்கினால் மூன்று ஆஷ், அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. அந்த இரண்டு வருடத்தில் எத்தனை பேர் மனம் வெறுத்து ஆட்டத்தை விட்டுப் போனார்கள் என்பதை என் வட்டத்திலேயே பார்த்தேன், அவர்கள் திரும்பி வரவில்லை.

இதை ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கு போகிமான் கார்டு ஆட்டம் சாட்சி. 2023-ன் ஆப்சிடியன் ஃப்ளேம்ஸில் சாரிஸார்ட் இஎக்ஸ் வந்தது. சாதாரண டபுள் ரேராகவும் உண்டு, முழுப் படத்தோடும் உண்டு, ஓவியர் வரைந்த ஸ்பெஷல் இல்லஸ்ட்ரேஷன் ரேராகவும் உண்டு, தங்கப் பளபளப்பிலும் உண்டு. எல்லாவற்றிலும் எழுதியிருப்பது ஒன்றேதான், எதை வைத்து ஆடினாலும் ஆட்டத்தில் வித்தியாசம் கிடையாது. அழகுக்காக அள்ளிக் கொடுக்க நினைப்பவர் கொடுக்கட்டும், பைண்டரில் வைத்து ரசிக்கட்டும், நானும் ரசிப்பேன். ஆட மட்டும் வேண்டியவர் மலிவானதை வாங்கி அன்றைக்கே மேஜையில் உட்காரலாம். பாக்கெட் விற்பனையும் குறையவில்லை, கூட்டம் அலைமோதுகிறது. ஸ்டேபிளை ரேராக வைத்தால்தான் வியாபாரம் நடக்கும் என்ற வாதத்தை இதற்குப் பிறகும் நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

2024 செப்டம்பரில் கமாண்டரில் மானா க்ரிப்ட், ஜுவல்ட் லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட் என்ற விலை கூடிய கார்டுகளை எல்லாம் ஒரே நாளில் தடை செய்தார்கள். முடிவு செய்த குழுவினருக்குக் கொலை மிரட்டல் வரை போனது, ஒரு வாரத்துக்குள் அவர்கள் பொறுப்பையே கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். மிரட்டியவர்களை நான் ஒருபோதும் மன்னிக்க மாட்டேன், அது வெறும் வெறித்தனம். ஆனால் மிரட்டாமல், சத்தம் போடாமல், கஷ்டப்பட்டுச் சேர்த்து அவற்றில் ஒரு கார்டை முந்தைய மாதம்தான் வாங்கியிருந்த ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் வருத்தம் உண்மையானது. நாளைக்கே சோல் ரிங்கைத் தடை செய்தால் ஆட்டம் எப்படி மாறும் என்று மட்டும்தான் பேசுவோம், காசு போச்சே என்று ஒருவரும் அழ மாட்டார்கள். கார்டு விலை அதிகமாக அதிகமாக, ஆட்டத்துக்கு நல்லதான முடிவைக்கூட நிம்மதியாக எடுக்க முடியாமல் போகிறது.

ரீபிரிண்ட் வரும்போது கையில் ஸ்டாக் வைத்திருக்கும் சின்னக் கடைக்காரர்களுக்கு அடி விழும், உண்மைதான். ஆனால் எனக்குத் தெரிந்த கடைக்காரர்களுக்குச் சோறு போடுவது வாராவாரம் வந்து உட்காரும் ஆட்கள்தான். ஸ்லீவ் வாங்குவதும், டெக் பாக்ஸ் வாங்குவதும், புது செட் வந்தால் பாக்கெட் உடைப்பதும் அவர்கள்தான். ஸ்டேபிள் விலையைப் பார்த்துப் பயந்து திரும்பிப் போகிறவன் இதில் ஒன்றையும் வாங்கப் போவதில்லை.

சரி, அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அந்தத் தாளை வைத்து ஒன்பது கார்டு எடுத்தான், அதில் நான்கு என் புண்ணியம், மானா கட்ட மனம் வராமல் விட்டுவிட்டேன். ஆட்டம் அவனுக்குத்தான். கிளம்பும்போது என் பைண்டரில் டெக்குக்குப் போகாமல் சும்மா கிடந்த ஒரு ப்ராஃபசி காப்பியை எடுத்துக் கொடுத்து, எனக்குத் தேவைப்படும்வரை நீ வைத்து ஆடு என்றேன். வாங்கிக்கொண்டான். ஸ்லீவிலிருந்து அந்த நோட்டுத் தாளை உருவியவன் அதைக் கசக்கிப் போடவில்லை, இரண்டாக மடித்து டெக் பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டான்.