பால் கொடுக்கும்போது அடிவயிறு ஏன் இழுக்கிறது?

ஆக்ஸிடோசின் பற்றி ஒரு கட்டுரை படித்தேன்; அதை ‘அன்பு ஹார்மோன்’ என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டார்கள். கர்ப்பப்பையில் அது செய்கிற வேலையையும் சொல்லியிருக்கலாம்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தோம். அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், குழந்தை வாய் வைத்ததுமே அக்கா தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டோம். வீட்டுக்கு வந்த மிஸ்ஸி (நர்ஸ்) தொப்புளுக்குக் கீழே அழுத்திப் பார்த்து, “கர்ப்பப்பை கல்லு மாதிரி இருக்கு, நல்லதும்மா” என்றார்.

குழந்தை சப்பும்போது மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் ரத்தத்தில் கலக்கிறது. பாலை இறக்குவதும் அதுதான், கர்ப்பப்பையைச் சுருக்குவதும் அதுதான். சுருங்கினால்தான் நஞ்சுக்கொடி பிரிந்த இடத்து ரத்தக்குழாய்கள் நெரிபட்டு ரத்தம் அடங்கும். பிள்ளை பிறந்தவுடன் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவதும் இதற்காகத்தான். 1953இல் ஆக்ஸிடோசினைச் செயற்கையாகத் தயாரித்தவர் அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ. இரண்டே வருடத்தில் நோபல் பரிசு பெற்றார்.

அடுத்தடுத்த பிரசவங்களில் இந்த இழுப்பு கூடுதலாகவே இருக்கும். அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் ஒரு மணி நேரத்திலேயே பேட் முழுக்க நனைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.