சிவப்புத் தொப்பிக்காரர் நகர்ந்தால்தான் ஆட்டம்

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருஷமாக விடாமல் வைத்திருந்த காலேஜ் ஃபுட்பால் சீசன் டிக்கெட்டை இந்த வருஷம் புதுப்பிக்கவில்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கே எழுத மாட்டேன். அவருக்கு அதன்மேல் இன்னும் பாசம் போகவில்லை. விஷயம் தெருவில் தெரிந்ததும் எதிர்வீட்டுக்காரர் வழக்கமான தீர்ப்பைச் சொன்னார்: "எல்லாம் இந்த போனால வந்த வினை. இப்ப யாருக்கும் மூணு மணி நேரம் ஒரு இடத்துல உக்காரப் பொறுமை இல்ல." பெரியவர் இலைகளைக் கூட்டிக்கொண்டே திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கு 71 வயசு. நான் எந்த போனைப் பார்த்தேன்?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு முதலில் ஒன்று. ஃபுட்பால் என்றால் இங்கே நம் ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்கன் ஃபுட்பால். காலேஜ் ஃபுட்பால் என்பது நம் ஊர் இன்டர்-காலேஜ் போட்டி மாதிரி, ஆடுகிறவர்களும் பி.டி. மாஸ்டரும் மட்டும் நிற்கிற சமாச்சாரம் இல்லை. நான் மிஷிகன் வந்த புதிதில், ஆன் ஆர்பர் ஊரில் மிஷிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம் என்று ஆபீஸில் சொன்னபோது கதை விடுகிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஊர் ஜனத்தொகையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! போய் நின்றால் வெளியிலிருந்து அப்படி ஒன்றும் பிரம்மாண்டமாகத் தெரியவில்லை. 1927-ல் பள்ளம் தோண்டிக் கட்டியது. தரை மட்டத்தில் வாசலுக்குள் நுழைந்தால், தெப்பக்குளத்தில் படி இறங்குகிற மாதிரி கீழே கீழே இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். குளத்தில் தண்ணீருக்குப் பதில் பச்சைப் புல், நான்கு பக்கமும் படி நிறைய ஜனம். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. விதி ஒன்றும் தெரியாது, யார் கையில் பந்து இருக்கிறது என்பதே புரியவில்லை. ஆனால் அது திருவிழா என்பது புரிந்தது. எதிரே பயனியர் உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் காலையிலிருந்தே காரின் பின்கதவைத் திறந்துவைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நான்கு தமிழ்க் குடும்பங்கள் சிக்கன் 65 பொரித்து எடுத்துப் போயிருந்தோம். பத்து நிமிஷத்தில் முன்பின் தெரியாதவர்கள் தட்டோடு வந்து நின்றார்கள்.

இந்த ஸ்டேடியத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1975 நவம்பர் 8-லிருந்து, கொரோனா வருஷமான 2020-ஐத் தவிர, அங்கே நடந்த எந்த ஆட்டத்துக்கும் கூட்டம் 1 லட்சத்துக்குக் கீழே போனதாகக் கணக்கு கிடையாது.

கணக்கு. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நாடு முழுக்கப் பார்த்தால், முதல் பிரிவுக் கல்லூரிகளின் சராசரிக் கூட்டம் 2008-ல் ஓர் ஆட்டத்துக்கு 46,900 சொச்சம். அதுதான் உச்சம். 2018-ல் அது 41,800 சொச்சத்துக்கு இறங்கியது, 22 வருஷத்தில் அதுவே மிகக் குறைவு. கொரோனா முடிந்து 2021-ல் 40,000-க்கும் கீழே போய், அடுத்த வருஷம் திரும்பக் கொஞ்சம் ஏறியது. ஏறிவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். இந்த எண்களே அறிவிக்கப்பட்ட எண்கள்தான். விற்ற டிக்கெட், இனாமாகக் கொடுத்த டிக்கெட் எல்லாம் இதில் சேரும், சில இடங்களில் பாதுகாப்பு ஊழியரும் பேண்ட் வாத்தியக்காரரும்கூட. 2018-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை பல கல்லூரிகளிடம் வாசலில் ஸ்கேன் ஆன டிக்கெட் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. அறிவித்த கூட்டத்தில் சராசரியாக 71 சதவீதம்தான் உள்ளே வந்திருந்தது. நூறு பேர் என்று மைக்கில் சொன்னால் எழுபத்தொரு பேர்.

நம் ஊரில் பட முதலாளியே டிக்கெட்டை மொத்தமாக வாங்கிவிட்டு ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டுகிற கதையெல்லாம் கேட்டிருக்கிறோம் அல்லவா? அது இங்கேயும் உண்டு. ஆன் ஆர்பருக்கு அடுத்த ஊர் இப்சிலான்டி. அங்கே ஈஸ்டர்ன் மிஷிகன் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதல் பிரிவில் நீடிக்க வேண்டுமானால் சராசரி 15,000 பேராவது வர வேண்டும் என்று அப்போது ஒரு விதி. அவர்கள் பெப்சி விநியோக ஒப்பந்தத்தில் வந்த பணத்தில் 3 டாலர் வீதம் ஆயிரக்கணக்கில் டிக்கெட் வாங்கிக் கணக்கை நேர் செய்தார்கள். இதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. விதி கேட்டது டிக்கெட்டைத்தான், ஆளை இல்லை.

ஏழைக் கல்லூரி, அப்படித்தான் செய்யும் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2014-ல் ஆன் ஆர்பரிலேயே இரண்டு கோக் பாட்டில் வாங்கினால் இரண்டு டிக்கெட் இனாம் என்று ஒரு விளம்பரம் வந்து சிரிப்பாய்ச் சிரித்தது. அப்போது அங்கே விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்தவர் டேவ் பிராண்டன், டாமினோஸ் பீட்சாவின் முன்னாள் தலைமை அதிகாரி. மாணவர்களுக்கு ஏழு ஆட்டத்துக்கு 280 டாலர் விலை. அதற்கு முந்தின வருஷம் யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கே நல்ல இடம் என்று மாற்றியதில், வருஷக்கணக்காக நண்பர்களோடு சேர்ந்து உட்கார்ந்தவர்கள் சிதறிப்போனார்கள். மாணவர் டிக்கெட் விற்பனை படுத்துவிட்டது. அணியும் தோற்றுக்கொண்டிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மாணவர்கள் கொடி பிடித்து, கையெழுத்து வாங்கி, ஊர்வலம் போய், அந்த அக்டோபர் 31-ல் பிராண்டன் விலகினார். அடுத்த வருஷம் மாணவர் விலை 175 டாலருக்கு இறங்கியது. பீட்சா விற்பது போல இதை விற்க முடியாது என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். இப்போது எல்லோருமே பீட்சா போலத்தான் விற்கிறார்கள். சூடாக, முப்பது நிமிஷத்தில், உங்கள் வீட்டுக்கே.

ஆம், டிவி. போன் இல்லை, டிவி.

டிவியில் காட்டினால் ஸ்டேடியத்துக்கு ஆள் வராது என்ற பயம் இன்று நேற்று வந்ததில்லை. 1951-லேயே கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ, ஆட்டங்களை ஒளிபரப்பக் கடுமையான கட்டுப்பாடு போட்டது. எங்கள் ஆட்டத்தை எல்லாம் காட்டுவோம் என்று முறைத்து நின்ற பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை ஒதுக்கிவைத்து வழிக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் பூட்டு முப்பது வருஷத்துக்கு மேல் தொங்கியது. 1984-ல் ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அதை உடைத்தது. எதிர்த்து எழுதிய நீதிபதி பைரன் வைட், 1930-களில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர். கல்லூரி விளையாட்டை வெறும் வியாபாரமாக வைத்து எடை போடக் கூடாது என்பது அவர் கட்சி. அந்த அமர்வில் புல்தரையில் விழுந்து எழுந்தவர் தோற்றுப்போனார். சட்டப்படி பார்த்தால் தீர்ப்பு சரிதான் என்பேன், ஏகபோகம் ஏகபோகம்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் வாசல் அதுதான். 2022-ல் பிக் டென் என்கிற எங்கள் பக்கத்துக் கல்லூரிக் கூட்டமைப்பு ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றுக்கும் ஏழு வருஷ உரிமையை 700 கோடி டாலருக்கு மேல் விற்றது.

அவ்வளவு கொட்டிக்கொடுத்தவன் விளம்பரம் போடாமல் இருப்பானா? நேரில் போய்ப் பார்க்காதவர்களுக்கு இதன் வலி தெரியாது. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் மைதானத்துக்குள் வந்து நிற்பார். அவர் டிவிக்காரர்களின் ஆள். அவர் நிற்கிற வரை ஆட்டம் கிடையாது. இருபத்திரண்டு பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள், நடுவர் நிற்பார், பூஜ்யத்துக்குக் கீழே போன நவம்பர்க் குளிரில் அலுமினிய பெஞ்சில் நாம் நிற்போம். வீட்டில் இருப்பவன் டிரக் விளம்பரம் பார்த்து முடித்து, பாத்ரூம் போய் வந்து உட்கார்ந்ததும் தொப்பிக்காரர் விலகுவார். ஆட்டம் மூன்றரை மணி நேரம் ஓடுவது இப்படித்தான். 2023-ல் நேரத்தைக் குறைக்கிறோம் என்று விதியை மாற்றினார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு ஃபர்ஸ்ட் டவுனுக்கும், அதாவது பந்தைப் பத்து கெஜம் முன்னே கொண்டுபோகிற ஒவ்வொரு தடவையும், கடிகாரம் நிற்கும். இப்போது ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிஷத்தில் மட்டும்தான். அதாவது ஆட்டத்தைக் குறைத்தார்கள். விளம்பரத்தில் கை வைக்கவில்லை.

தேர் தெருவுக்கு வந்தாயிற்று, வடத்தைப் பிடித்தபடி ஊரே நிற்கிறது. டிவி வேனிலிருந்து ஒருவன் கையைக் காட்டினால்தான் இழுக்கலாம் என்றால் எத்தனை வருஷம் நிற்பீர்கள்?

போதாததற்கு, ஆட்டம் பகல் 12-க்கா, மாலை மூன்றரைக்கா, ராத்திரியா என்பதும் டிவிக்காரர்கள் கையில். பல ஆட்டங்களுக்கு 12 நாளைக்கு முன்புதான் நேரம் தெரியும், சிலவற்றுக்கு ஆறே நாள். நான்கு மணி நேரம் கார் ஓட்டி வருகிறவன் ஓட்டலில் ரூம் போடுவதா வேண்டாமா? பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்ன முதல் காரணம் இதுதான். இரண்டாவது, நல்ல இடத்தில் உட்கார டிக்கெட் விலைக்கு மேல் 'நன்கொடை' என்று வாங்குவது. அதில் 80 சதவீதத்துக்கு முன்பு வரிவிலக்கு இருந்தது. 2017 வரிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. விலக்கு போனது, நன்கொடை போகவில்லை.

மூன்றாவதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் இறங்கியது. "நான் யாரைத் திட்டணும்னு வளர்ந்தேனோ, அவங்களோட இப்ப ஆட்டமே இல்ல." அவர் அணிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் ஒன்றரை மணி நேரக் கார் தூரத்தில் இருப்பவை, நூறு வருஷத்துக்கு மேலாகப் பங்காளிச் சண்டை. டிவிப் பணத்துக்காக ஒன்று வேறு கூட்டமைப்புக்குத் தாவியதில் 2023 நவம்பரோடு அது நின்றுவிட்டது. மறுபக்கம், அதே மாதிரி கூட்டமைப்பு மாறிய லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம் 2024-ல் நியூ ஜெர்ஸியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தோடு ஆடக் கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர் பறந்து வந்தது. இந்த ஆட்டத்துக்கு எந்த மாமன் எந்த மச்சானைச் சீண்டுவான்?

ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்ததால்தான் சுவை கெட்டது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. இவ்வளவு காலம் எல்லோரும் சம்பாதித்தார்கள், மண்டை உடைபட்ட பையனைத் தவிர. அவனுக்குக் கிடைப்பது நியாயம். ஆனால் அந்தப் பாரமும் கடைசியில் டிக்கெட் வாங்குகிறவன் தலையில்தான் இறங்குகிறது. டென்னசி பல்கலைக்கழகம் 2025 டிக்கெட்டில் 'திறமைக் கட்டணம்' என்றே பெயர் வைத்து 10 சதவீதம் ஏற்றியது.

மாணவர்களுக்கு வருகிறேன். என் மகள் வேறு மாநிலத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சனிக்கிழமை காலை முகத்தில் வண்ணம் பூசிப் படம் அனுப்புவாள். பாதி ஆட்டத்தில் ஹாஸ்டலில் இருப்பாள். ஏன்டா என்றால், "அப்பா, வெளிய இருக்கிறதுதான் ஜாலி. உள்ள போனா சும்மா நிக்கிறதுதான்" என்கிறாள். அவளைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே பெண் கச்சேரிக்கு ஐந்து மணி நேரம் மழையில் நின்றவள்.

அலபாமா பல்கலைக்கழகத்தில் இந்தப் பிரச்சினை முற்றி, 2019-ல் ஒரு செயலி கொண்டுவந்தார்கள். மாணவர் ஸ்டேடியத்துக்குள்தான் இருக்கிறாரா என்று போனை வைத்தே பார்ப்பார்கள். ஆட்டத்துக்கு வந்தால் 100 புள்ளி, நான்காவது கால்பகுதி வரை இருந்தால் இன்னும் 250. புள்ளி சேர்த்தால் பெரிய ஆட்டங்களுக்கு டிக்கெட்டில் முன்னுரிமை. நாட்டிலேயே மிகச் சிறந்த அணிகளில் ஒன்று. அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க வைக்க அட்டெண்டன்ஸ்! போன்தான் கூட்டத்தைக் கெடுத்தது என்கிறவர்கள், கூட்டத்தைப் பிடித்துவைக்கப் போனையே நம்பியதை என்னவென்று சொல்வது?

ஜனங்களுக்கு ஸ்டேடியம் அலுத்துவிட்டது என்பதையும் நான் நம்பவில்லை. 2023 ஆகஸ்ட் 30-ல் நெப்ராஸ்காவில் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் பெண்கள் வாலிபால் ஆட்டம் வைத்தார்கள். 92,003 பேர் வந்தார்கள். 2024 டிசம்பரில் முதல்முறையாக, சாம்பியன் யார் என்று முடிவு செய்கிற பிளேஆஃப் ஆட்டங்களைக் கல்லூரி ஸ்டேடியங்களிலேயே வைத்தபோது நான்கு இடங்களிலும் கூட்டம் அலைமோதியது, அதுவும் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்தில். வந்தவனை விருந்தாளியாக நடத்தினால் வருகிறான். டிவி படத்துக்குப் பின்னால் தொங்குகிற திரைச்சீலையாக நடத்தினால் ஒரு நாள் மடித்துவைத்துவிட்டுப் போய்விடுகிறான்.

இதற்கு மருந்தாகப் பெரிய திரை, வைஃபை, பீர் எல்லாம் வைத்துப் பார்க்கிறார்கள். தென்கிழக்குக் கூட்டமைப்பு 2019 வரை பொது இருக்கைகளில் மது விற்கத் தடை வைத்திருந்தது, அதையும் எடுத்தாயிற்று. வீட்டில் இருப்பதையெல்லாம் ஸ்டேடியத்தில் வைத்தால் நான் ஏன் வீட்டைவிட்டு வர வேண்டும் என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

போன நவம்பரில் ஒரு புதன்கிழமை ராத்திரி வேலை முடிந்து நேராக இப்சிலான்டிக்குப் போனேன். சின்னக் கல்லூரிகளின் மேக் கூட்டமைப்பு நவம்பரில் பெரும்பாலும் சனிக்கிழமையை விட்டுவிட்டு வார நாள் ராத்திரிகளில் ஆடுகிறது. டிவியில் அன்றைக்கு வேறு ஆட்டம் இருக்காது, அதனால். சாம்பல் நிறத் தரை, விளக்கு வெளிச்சத்தில் பொடிப்பனி. என் வரிசையில் நான் மட்டும், இரண்டு வரிசைக்குக் கீழே யாரோ ஒரு பையனின் பாட்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டு. பேண்ட் பிள்ளைகள் கையுறை விரல்களை வெட்டிவிட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புத் தொப்பிக்காரர் வந்து நின்றார். பாட்டி எழுந்து காலை உதறிக்கொண்டார். என் போன் அதிர்ந்தது, மகள்.

"அப்பா, டிவில உன்னைத்தான் காட்டுறான். குல்லாவை நேராப் போடு."