சுண்டுவிரல் மரத்துப்போவது கதிர்வீச்சாலா?

"போனை நெடுநேரம் பிடித்தால் கதிர்வீச்சு முழங்கை நரம்பைச் சுட்டுவிடும், சுண்டுவிரல் மரப்பதே அறிகுறி, பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. மரப்பது உண்மை, சொல்லும் காரணம் தவறு.

முழங்கையைக் கதவில் இடித்தால் 'சுர்'ரென்று கரண்ட் அடிக்குமே, அதுதான் அல்நார் நரம்பு. முழங்கையின் உள்பக்க எலும்பு முனைக்குப் பின்னால், தோலுக்குச் சற்றே அடியில் ஓடுகிறது. கையை 90 டிகிரிக்கு மேல் மடக்கினால் அது இழுபட்டு நசுங்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரக்கும். போனே இல்லாமல் கையை மடக்கித் தூங்கினாலும் இதேதான். ஸ்டிக்கர் என்ன செய்யும்?

கையை நீட்டுங்கள். பேச ஸ்பீக்கர், பார்க்க ஸ்டாண்ட். மேசையில் முழங்கையை ஊன்ற வேண்டாம். இரவில் முழங்கையைச் சுற்றித் துண்டைத் தளர்வாகக் கட்டினால் கை மடங்காது. முழங்கையின் வெளிப்பக்க வலி வேறு, அது பெரும்பாலும் தசைநார்ச் சிக்கல்.

மரப்பு வாரக்கணக்கில் நீடித்தாலோ, பிடி தளர்ந்தாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே சதை குழிந்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலியும் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி.

அமெரிக்க எலும்பியல் மருத்துவர் சங்கத்தின் 'ஆர்த்தோஇன்ஃபோ' தளத்தில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள்.